கூப்பிட்டா நாய் வரலையா? 'வா' என்ற சொல்லைக் கெடுத்தது யார்?

ஓசூரிலோ பெங்களூரிலோ வேலை. சனிக்கிழமை தருமபுரி பக்கத்துச் சொந்த ஊருக்கு வந்ததும் முதல் வேலை, வாரம் முழுக்கக் கட்டிக் கிடந்த நாயை அவிழ்த்துவிடுவது. அது வில்லில் இருந்து விட்ட அம்பு மாதிரி பாய்கிறது. எதிரே ஆட்டுக்குட்டி, அதற்கு அப்பால் தேசிய நெடுஞ்சாலை 44. "டைகர், வாடா டேய்!" என்று தொண்டை கிழியக் கத்தினாலும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. லாரிகள் பறக்கும் அந்தச் சாலையோரத்தில் இது வெறும் சேட்டை இல்லை, உயிர்ப் பிரச்சினை.

ஏன் வருவதில்லை?

ஒரு சொல்லுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பதைத்தான் நாய் நினைவில் வைக்கிறது. உணவுக்கு முன் வழக்கமாகக் கேட்கும் ஓசைக்கே நாய்க்கு எச்சில் ஊறும் என்று ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவ் நூறு ஆண்டுகளுக்கு முன்பே காட்டினார். நம் வீடுகளில் 'வா'வுக்குப் பிறகு வருவது என்ன? சங்கிலி, குளியல், ஊசி, சில நேரம் அடி. அப்புறம் அது ஏன் வரும்?

இனமும் ஒரு காரணம். சிப்பிப்பாறை, கன்னி போன்றவை கண்ணால் பார்த்துத் துரத்துவதற்காக வளர்க்கப்பட்ட வேட்டை நாய்கள். எதிரே ஒன்று ஓடினால் துரத்துவது அதன் ரத்தத்தில் உள்ளது. அது திமிர் அல்ல.

எப்படிப் பழக்குவது?

* புதுச் சொல்: பழைய 'வா' கெட்டுப்போயிருந்தால் விசிலோ வேறு சொல்லோ வையுங்கள். வீட்டில் எல்லோரும் அதையே சொல்ல வேண்டும்.
* முதலில் கவனம்: வீட்டுக்குள், சத்தமில்லாத நேரத்தில் பெயரைச் சொல்லுங்கள். முகத்தைப் பார்த்த அந்த நொடியே தீனி. தினமும் இரண்டு மூன்று தடவை, ஐந்து நிமிடம் போதும்.
* தீனி ஸ்பெஷலாக இருக்கட்டும்: தினமும் போடும் களியோ சோறோ இதற்கு உதவாது. உப்பு, காரம் சேர்க்காமல் வேகவைத்த கோழி, ஈரல் சின்னத் துண்டுகள் நல்லது.
* நீளக் கயிறு: வெளியே 10 மீட்டர் கயிற்றை மார்புப் பட்டையில் கட்டுங்கள், கழுத்தில் வேண்டாம். ஒரே ஒரு தடவை கூப்பிடுங்கள். வரவில்லை என்றால் துரத்தாமல் எதிர்ப்பக்கம் ஓடுங்கள். அது உங்களைத் துரத்தி வரும்.
* மறுபடி விட்டுவிடுங்கள்: வந்ததும் தீனி கொடுத்து, திரும்ப விளையாட அனுப்புங்கள். 'கூப்பிட்டா ஆட்டம் முடிஞ்சது' என்ற பயம் போனால்தான் நாய் நம்பி வரும்.

எவ்வளவு தாமதமாக வந்தாலும் திட்டக் கூடாது. நாய்க்குத் தெரிவது, 'வந்தேன், அடி விழுந்தது' என்பது மட்டுமே.

சங்கிலி தீர்வா?

'அடங்கலைன்னா கட்டிப் போடு' என்பது ஊர் வழக்கம். ஆனால் நாள் முழுக்கக் கட்டிக் கிடக்கும் நாய்தான் அவிழ்த்ததும் கட்டுக்கடங்காமல் ஓடுகிறது. குட்டையான, கனமான சங்கிலியில் அளவுக்கு மீறிய நேரம் கட்டி வைப்பது, 1960-ம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். வழக்கமாகக் கட்டியே வைத்திருக்கும் நாயை நடக்க, ஓட விடாமல் இருப்பதும் அதே 11-வது பிரிவில் வருகிறது. எனவே தினசரி நடை என்பது நாய்க்குக் காட்டும் கருணை அல்ல, வளர்ப்பவரின் கடமை.

வார இறுதியில் மட்டும் வரும் மகனோ மகளோ தனியாக இதைச் செய்து முடிக்க முடியாது. விசிலை அப்பா, அம்மாவிடமும் கொடுத்து, ஒரு தடவை செய்து காட்டிவிட்டுப் போக வேண்டும்.

எவ்வளவு பழகினாலும் நெடுஞ்சாலை ஓரத்திலும், பென்னாகரம், ஒகேனக்கல் போன்ற காட்டோரப் பகுதிகளிலும் கயிறு கையில் இருக்கட்டும். முயலும் மயிலும் ஓடும் இடத்தில் எந்தப் பயிற்சியும் நூறு சதவீத உத்தரவாதம் இல்லை. ஆனால் கயிறு கை நழுவிய அந்த ஒரு நொடியில், நாயைத் திருப்பிக் கொண்டுவருவது அது நம்பும் ஒரு குரல்தான். அந்த நம்பிக்கையை இன்றைக்கே, வீட்டு வாசலில் ஒரு துண்டு ஈரலோடு தொடங்கலாம்.