இணையப் பாதுகாப்பில் இளநிலை மாணவர்களுக்கு உதவித்தொகையுடன் கூடிய கோடைக்கால ஆராய்ச்சி: கோரிக்கை மனு

பெறுநர்:
அரசுச் செயலாளர் அவர்கள்,
உயர்கல்வித் துறை,
தலைமைச் செயலகம், சென்னை – 600 009.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், வண்டலூர் பகுதிகளில் முதல் தலைமுறையாகக் கல்லூரி செல்லும் மாணவர்கள், அவர்தம் பெற்றோர் சார்பில் எங்கள் சங்கம் இம்மனுவை அளிக்கிறது.

மின்கட்டணம் கட்டவில்லை, இன்றிரவு இணைப்பு துண்டிக்கப்படும் என்று போலிக் குறுஞ்செய்தி வருகிறது. அதிலுள்ள எண்ணை அழைத்தால் ஒரு செயலியை நிறுவச் சொல்கிறார்கள், நிறுவியதும் ஓ.டி.பி. அவர்கள் கைக்குப் போய்விடுகிறது. பணம் பறிபோனால் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழைக்கலாம். பறிபோகுமுன் தடுக்க ஆராய்ச்சி வேண்டும். தமிழிலும், தமிழை ஆங்கில எழுத்தில் தட்டியும் வரும் மோசடிச் செய்திகளை இனம்பிரிக்க, அந்தப் பேச்சு வீட்டிலேயே புழங்கும் எங்கள் பிள்ளைகளைவிட ஏற்றவர் யார்?

ஆய்வுக்கூடங்கள் தொலைவில் இல்லை. தரமணியில் இணையப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான செட்ஸ், கிண்டியை ஒட்டி ஐ.ஐ.டி., குரோம்பேட்டையில் எம்.ஐ.டி. இருக்கின்றன. ஆனால் மே மாதம் எங்கள் பிள்ளைகளுக்கு ஓய்வு மாதம் அல்ல. தி.நகர் ஜவுளிக்கடையில் நின்று அடுத்த ஆண்டுக் கட்டணத்தைச் சேர்க்கும் மாதம் அது. சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப் கிடைத்தாலும் அவர்களால் போக முடியாது.

சகோதரி நகையை அடகு வைத்துத் தந்த பணத்தில் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் சேர்ந்தவர் அப்துல் கலாம். அவரது முன்முயற்சியில் 2002-இல் உருவானதுதான் செட்ஸ். இன்றைய பிள்ளைகளும் நகையை நம்பித்தான் ஆராய்ச்சிக்குள் நுழைய வேண்டுமா? இதற்கு முன்மாதிரி உண்டு: அமெரிக்காவில் தேசிய அறிவியல் அறக்கட்டளை 1987 முதல் இளநிலை மாணவர்களுக்கு உதவித்தொகை தந்து ஆய்வில் ஈடுபடுத்துகிறது.

2022-இல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தை நன்றியுடன் ஏற்கிறோம். அது பெரிதும் வேலைவாய்ப்பை நோக்கியது. அதனுடன், மே, ஜூன் மாதங்களில் எட்டு வார ஆராய்ச்சித் திட்டம் ஒன்றை அரசு தொடங்க வேண்டும். மாதம் ரூ.12,000 உதவித்தொகையும் ரயில் சீசன் டிக்கெட்டும் அந்தந்த மாதமே கைக்கு வர வேண்டும். ஆறு மாதம் கழித்து வரும் தொகையால் பயனில்லை. பொறியியல் மாணவர்களோடு பி.சி.ஏ., பி.எஸ்சி. மாணவர்களையும் சேர்க்க வேண்டும். ஆதிதிராவிடர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு முன்னுரிமையும், மாணவியருக்குப் பாதி இடங்களும் வேண்டும். நேர்காணலைத் தமிழிலும் நடத்த வேண்டும். ஆங்கிலம் தடுமாறுகிறது என்பதற்காகக் கணினியில் தேர்ந்த பிள்ளையைத் திருப்பி அனுப்புவது அநியாயம்.

வரும் கோடைக்கே முதல் அணி சேரும்வகையில் அரசாணை பிறப்பிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சங்க நிர்வாகிகள்,
தாம்பரம்.