பாதி ஆன்டெனா, பாதி ஜீப்

அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தில் மோவாப் என்று ஒரு சின்ன ஊர். சுற்றிலும் செம்பாறை. நல்ல தார் ரோடும் இருக்கிறது. அதைவிட்டு இறங்கி, பாறைமேல் வண்டியை ஏற்றி இறக்குவதற்கென்றே எங்கெங்கிருந்தோ ஜீப்காரர்கள் வருகிறார்கள். 1967-ல் ஆரம்பித்த 'ஈஸ்டர் ஜீப் சஃபாரி'தான் அந்த ஊர்த் திருவிழா. காசு கொடுத்து முதுகெலும்பைக் குலுக்கிக்கொள்வதில் என்ன சுகமோ, நமக்குப் புரியாது. நமக்கு அது ஆபீஸ் போகிற வழியிலேயே இலவசம்.

விளையாட்டாகத் தெரிந்தாலும் இதில் ஆபத்து உண்டு. பத்துப் பன்னிரண்டு வண்டிகள் வரிசையாகப் போகும். முன்னால் போகிறவன் கிளப்பும் புழுதியில் பின்னால் வருகிறவனுக்கு ஒன்றும் தெரியாது. பாறை விளிம்பில் தன் முன்சக்கரம் எங்கே நிற்கிறது என்பது ஓட்டுகிறவனுக்கே தெரியாது. 'லெஃப்ட்ல ஒடி... இன்னும் கொஞ்சம்... போதும், நில்லு!' என்று யாராவது பார்த்துச் சொல்ல வேண்டும். பள்ளத்தாக்குக்குள் செல்போன் செத்துவிடும். கடைசி வண்டி ஆக்ஸில் உடைந்து நின்றால் அது முதல் வண்டிக்குத் தெரிந்தாக வேண்டும். தெரியாமல் போய்விட்டால், தண்ணீர் இல்லாத இடத்தில் இருட்டும்வரை உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

இதற்காகப் பல வருஷங்களாக அவர்கள் நம்பிய சாதனம் சி.பி. ரேடியோ. விரித்தால் சிட்டிசன்ஸ் பேண்ட், பொதுஜன அலைவரிசை. அந்த ஊரில் இதற்கு லைசென்ஸ் வேண்டாம், பரீட்சை வேண்டாம், மாசாமாசம் பில் வராது.

1970-களில் இது ஒரு பைத்தியமாகவே இருந்தது. 1973-ல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. 1974-ல் நெடுஞ்சாலை வேகத்தை மணிக்கு 55 மைல் என்று நிக்சன் மட்டுப்படுத்தினார். லாரி டிரைவர்கள் ஆளுக்கொரு சி.பி. மாட்டிக்கொண்டார்கள். எந்த பங்க்கில் டீசல் இருக்கிறது, எந்தப் பாலத்துக்கு அடியில் போலீஸ் பதுங்கியிருக்கிறது என்பதெல்லாம் காற்றிலேயே பரவிற்று. சொந்தப் பெயர் சொல்கிற வழக்கமில்லை, ஆளுக்கொரு பட்டப்பெயர். ஜனாதிபதி ஃபோர்டின் மனைவி பெட்டி ஃபோர்டு 1976-ல் வைத்துக்கொண்ட பெயர் 'ஃபர்ஸ்ட் மாமா'. (அங்கே மாமா என்றால் அம்மா. உறவுமுறையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) கூட்டம் தாங்காமல் 1977-ல் 23 சானல்களை 40 ஆக்கினார்கள். அவசரத்துக்கு 9, லாரிக்காரர்களுக்கு 19 என்பது இன்றைக்கும் வழக்கம்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். சி.பி.யில் சாதாரண ஏ.எம். பேச்சுக்கு 4 வாட்டுக்கு மேல் கூடாது என்பது அந்நாட்டுச் சட்டம். நூறு டாலர் செட்டானாலும் முந்நூறு டாலர் செட்டானாலும் அதே 4 வாட். ஒரு சின்ன எல்.ஈ.டி. பல்புக்கான தீனி. ஆக, சட்டம் எல்லாருக்கும் ஒரே சம்பளம் நிர்ணயித்துவிட்டது. அதை வைத்துக்கொண்டு எவன் குடும்பம் நடத்துகிறான், எவன் இருபதாம் தேதியே கைமாத்து கேட்கிறான் என்பது ஆன்டெனாவில் இருக்கிறது.

ஆன்டெனா என்றதும் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் குச்சியைத்தான் நினைக்கிறோம். அது பாதிதான். மீதிப் பாதி ஜீப்.

சி.பி. வேலை செய்வது 27 மெகாஹெர்ட்ஸ் பக்கம். அலையின் நீளம் சுமார் 11 மீட்டர். அதில் கால்பங்கு, அதாவது ஒன்பது அடிக் கம்பி இருந்தால் அலை ஆனந்தமாகக் கிளம்பும். ஒன்பது அடியை ஜீப்பில் நட்டால் மீன் பிடிக்கப் போகிற மாதிரி இருக்கும். முதல் மரக்கிளையே அதைப் பிடுங்கிக்கொள்ளும். அதனால் கம்பியை ஒரு ஃபைபர் குச்சிமேல் சுற்றி, மூன்று நாலு அடியில் அடக்கி விற்கிறார்கள். அடக்கியதற்கு விலை உண்டு: கொஞ்சம் சக்தி வீணாகும், டியூனிங்கில் பிடிவாதம் கூடும்.

ஆனால் இரு கை தட்டினால்தான் ஓசை. குச்சி ஒரு கை. அதற்கு ஈடு கொடுக்கிற இன்னொரு கை வண்டியின் இரும்பு உடம்பு. இதை ஆங்கிலத்தில் கிரவுண்ட் பிளேன் என்கிறார்கள். குச்சியை உசத்தியாக வாங்கிவிட்டு இந்த இரண்டாவது கையை மறந்துவிடுவதுதான் நூற்றுக்குத் தொண்ணூறு தகராறுக்குக் காரணம் என்று பழம் தின்று கொட்டை போட்ட ஜீப்காரர்கள் சொல்வார்கள்.

எங்கே மாட்டுவது? கூரையின் நட்டநடுவே மாட்டுவது உத்தமம். சுற்றிலும் சமமாக இரும்பு இருக்கும். ஆனால் பல ஜீப்புகளுக்குக் கூரையே துணிதான். அதனால் பின் பம்பர், ஸ்டெப்னி தாங்கி, பானெட் ஓரம் என்று ஏதாவது ஒரு இடம். எங்கே மாட்டினாலும் குச்சியின் பெரும்பகுதி கூரை மட்டத்துக்கு மேலே தெரிய வேண்டும். வண்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டால் அந்தத் திசையில் பேச்சு எடுபடாது.

அடுத்தது மனசைக் கல்லாக்கிக்கொள்கிற கட்டம். தாங்கி உட்கார்கிற இடத்தில் பெயின்ட்டைச் சுரண்ட வேண்டும். இரும்பும் இரும்பும் தொட்டால்தான் மின்சாரம் பாயும். பெயின்ட் அதற்கு ரெயின்கோட். புது வண்டியைச் சுரண்ட எவனுக்கு மனசு வரும்? வராது. அதனால்தான் பாதிப் பேருக்கு வேலை செய்வதில்லை. (முடுக்கிய பிறகு சுற்றிலும் பெயின்ட் தொட்டு வைத்தால் துருப் பிடிக்காது.)

ஸ்டெப்னி தாங்கியில் மாட்டினால் இன்னொரு பொறி இருக்கிறது. அது பின்கதவில் இருக்கிறது. கதவு கீலில் தொங்குகிறது. கீலில் பெயின்ட், கிரீஸ், மண். பார்வைக்கு ஒரே வண்டி. மின்சாரத்தைக் கேட்டால் கதவு தனிக்குடித்தனம். கதவையும் உடம்பையும் ஒரு பின்னல் செப்புப் பட்டையால் இணைத்துவிட்டால் சமாதானம்.

குச்சிக்கு அடியில் ஒரு நைலான் வாஷர் வரும். அற்பம்போல் இருக்கும். அதை மாற்றிப் போட்டாலோ விட்டுவிட்டாலோ, குச்சி நேராக வண்டியோடு ஷார்ட். அப்புறம் நாள் முழுக்கக் கத்தினாலும் பக்கத்து சீட்டுக்குத்தான் கேட்கும். அதுவும் உங்கள் தொண்டையின் தயவால்.

எல்லாம் மாட்டியாயிற்று. உடனே மைக்கை எடுத்து 'ஹலோ ஹலோ' என்றால்? கூடாது. முதலில் அளக்க வேண்டும்.

அளக்கிற கருவிக்குப் பெயர் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஆபீஸில் வேலை பார்க்கிறவர்களுக்கு இது தினசரி அனுபவம். செட் என்கிற செக்ஷன், சக்தி என்கிற ஃபைலை கேபிள் வழியாக மேலே அனுப்புகிறது. ஆன்டெனா என்கிற மேலதிகாரிக்குப் பொருத்தம் சரியாக இருந்தால் ஃபைல் வெளியே போய்விடும். இல்லையென்றால் ஒரு பகுதி 'மீண்டும் சமர்ப்பிக்கவும்' என்று திரும்பி வரும். எவ்வளவு திரும்புகிறது என்பதைத்தான் மீட்டர் காட்டுகிறது. 1 என்றால் எதுவும் திரும்பவில்லை. 1.5 என்றால் நூற்றுக்கு 4 பங்கு; பிரமாதம். 2 என்றால் 11, பரவாயில்லை. 3 என்றால் 25, அதாவது காலே கால் பங்கு. அதற்கு மேல் போனால் செட்டுக்குள் இருக்கும் டிரான்சிஸ்டர் சுட்டுக்கொண்டு உயிரை விடலாம்.

செய்முறை இதுதான். வண்டியைத் திறந்தவெளியில் நிறுத்துங்கள். சுவர், மரம், பக்கத்து வண்டி எதுவும் அருகில் வேண்டாம். கதவுகளை மூடுங்கள். வேடிக்கை பார்க்கிற நண்பரைத் தள்ளிப் போகச் சொல்லுங்கள். மனித உடம்பும் கணக்கைக் கெடுக்கும். ஸ்பிரிங் போடுவதாக இருந்தால் முன்பே போட்டுவிடுங்கள், அதுவும் நீளத்தில் சேர்த்தி. மீட்டரை செட்டுக்கும் கேபிளுக்கும் நடுவே கோத்துவிட்டு, யாரும் பேசாத நேரமாகப் பார்த்து சானல் 1, 19, 40 மூன்றிலும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

இனி புல்லாங்குழல் கணக்கு. நீளம் கூடினால் சுருதி இறங்கும், குறைந்தால் ஏறும். சானல் 1 கீழ் சுருதி, 26.965 மெகாஹெர்ட்ஸ். சானல் 40 மேல் சுருதி, 27.405. ஒன்றில் அளவு அதிகமாகவும் நாற்பதில் குறைவாகவும் இருந்தால் குச்சி குட்டை, நீட்டுங்கள். நாற்பதில் அதிகமாக இருந்தால் நெட்டை, குறையுங்கள். நுனியில் திருகு இருந்தால் ஒரு சுற்று, மறுபடி அளவு. வெட்டுகிற ரகமாக இருந்தால் ஒரு தடவைக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் கூடாது. வெட்டியதை ஒட்டவைக்கிற கடை எந்த ஊரிலும் கிடையாது. இரண்டு ஓரமும் ஏறக்குறைய சமமாகி, நடுவில் மிகக் குறைவாக வந்தால் நிறுத்திவிடலாம்.

மூன்று சானலிலும் 3-க்கு மேல் காட்டினால்? குச்சியைத் தொடாதீர்கள். குற்றம் அங்கே இல்லை. வாஷர், சுரண்டாத பெயின்ட், கதவில் நசுங்கிய கேபிள் என்று கீழே தேடுங்கள். இது தெரியாமல் நல்ல குச்சியைத் துண்டு துண்டாக வெட்டிப் பென்சில் ஆக்கியவர்கள் உண்டு.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. மீட்டர் 1 காட்டியதும் துள்ளிக் குதிக்க வேண்டாம். ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு அங்கே 50 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை மாட்டிப் பாருங்கள். மீட்டர் அப்பழுக்கில்லாமல் 1 காட்டும். ஒரு சொட்டு அலையும் வெளியே போகாது; அத்தனையும் சூடாகித் தீரும். இந்த ஆசாமியையும் ஆபீஸில் பார்த்திருக்கிறோம். அவரிடம் போன ஃபைல் திரும்பி வந்ததே இல்லை. ஆகா, என்ன சுறுசுறுப்பு என்று நினைத்தால், எல்லாம் அவர் டிராயரில் இருக்கும். ஈரம் இறங்கிய கேபிளும் இப்படித்தான். சக்தியைத் தானே விழுங்கிவிட்டு மீட்டரில் நல்ல பெயர் வாங்கும்.

இந்தக் காலத்தில் அங்கே பல ஜீப் குழுக்கள் சி.பி.யை விட்டு ஜி.எம்.ஆர்.எஸ். என்கிற வேறு அலைவரிசைக்கு மாறிவிட்டன. அதற்கு லைசென்ஸ் உண்டு, பரீட்சை இல்லை, 2022-லிருந்து கட்டணம் 35 டாலர். அலை குட்டை, கால்பங்கு கம்பி ஒரு பேனாவைவிடக் கொஞ்சம்தான் நீளம். கூரை நடுவில் ஒரு காந்தத்தை வைத்து ஒட்டிவிடலாம். ஆனால் அந்தப் பேனாவுக்கும் கீழே இரும்பு வேண்டும், அதற்கும் பொருத்தம் பார்க்க வேண்டும்.

அதனால் மலைக்குப் போகிறவன் கிளம்புகிற காலையில் ஒரு காரியம் செய்கிறான். இன்னொரு வண்டியை ஒரு மைல் தள்ளி நிறுத்தச் சொல்லி, சாதாரணக் குரலில் கூப்பிட்டுப் பார்க்கிறான். மீட்டர் எத்தனை சர்டிஃபிகேட் கொடுத்தாலும் சரி, அந்தப் பக்கத்திலிருந்து 'கேக்குதுப்பா, கத்தாதே' என்று பதில் வந்த பிறகுதான் கியரைப் போடுகிறான்.