வாரம் மூன்று மணித்தியாலத்தில் ஆங்கிலம் வராது

ஐ.ஈ.எல்.ரீ.எஸ். வகுப்பு இன்று எமது நாட்டில் நன்றாக ஓடும் ஒரு வியாபாரம். கொழும்பிலும் கண்டியிலும் மட்டுமன்றி, கிழக்கின் நகரங்களிலும் புத்தளம், குருநாகல் பக்கங்களிலும் இதற்கான விளம்பரங்களைக் காணலாம். சனிக்கிழமை காலை வகுப்பு, ஞாயிறு பிற்பகல் வகுப்பு, எட்டு வாரப் பாடநெறி, பன்னிரண்டு வாரப் பாடநெறி என்று பல வகைகள் உண்டு. பிள்ளையை வெளிநாடு அனுப்ப எண்ணும் குடும்பம் முதலில் செய்யும் செலவு இதுதான். வகுப்புக் கட்டணம், போக்குவரத்து, பரீட்சைக் கட்டணம் என்று கூட்டிப் பார்த்தால் நடுத்தரக் குடும்பமொன்றுக்கு அது சிறிய தொகை அல்ல.

சரக்கைக் கொள்முதல் செய்யும் வியாபாரி தரத்தையும் அளவையும் பார்த்துத்தான் காசு கொடுக்கிறார். ஆனால் அதே வியாபாரி மகனின் அல்லது மகளின் ஆங்கில வகுப்புக்குக் காசு கொடுக்கும்போது இரண்டையும் பார்ப்பதில்லை. ஆகவே இவ்வாரம் இந்த வகுப்பை வியாபாரக் கணக்காகவே எடுத்துப் பார்ப்போம்.

கேட்பது யார்?

முதல் கேள்வி, இந்தப் பரீட்சை உண்மையில் தேவையா என்பதாகும். 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது மூன்று இலட்சத்துக்கும் அதிகமான இலங்கையர் தொழிலுக்காகப் பதிவு செய்து வெளிநாடு சென்றனர். அவர்களில் பெரும் பகுதியினர் மத்திய கிழக்கு நாடுகளுக்கே போனார்கள். அங்குள்ள பெரும்பாலான வேலைகளுக்கு ஐ.ஈ.எல்.ரீ.எஸ். கேட்கப்படுவதில்லை. புறக்கோட்டையில் கடை வைத்துச் சீனாவிலிருந்து பொருள் இறக்குபவருக்கும் இந்தச் சான்றிதழால் பயனில்லை. அவருக்கு வேண்டியது விலை பேசவும் கடிதம் எழுதவும் உதவும் வர்த்தக ஆங்கிலம். 'எதற்கும் எடுத்து வைப்போம்' என்று எடுப்பவர்கள் இன்னொன்றையும் மறந்துவிடுகிறார்கள். பெறுபேறு இரண்டு வருடத்துக்கே செல்லுபடியாகும் என்று கொள்ளப்படுகிறது. படிப்பின் முதல் வருடத்தில் எடுத்த புள்ளி, பட்டம் பெற்று வெளியேறும்போது காலாவதியாகியிருக்கும்.

தேவை என்று தெரிந்தவர்கள் எந்த நிறுவனம் எவ்வளவு கேட்கிறது என்பதை எழுத்தில் பார்த்துவிட வேண்டும். பிரித்தானியாவின் தாதியர் சபை வாசிப்பு, செவிமடுத்தல், பேச்சு ஆகிய மூன்றிலும் 7 புள்ளியும் எழுத்தில் 6.5 புள்ளியும் கேட்கிறது. அங்குள்ள மருத்துவ சபை வைத்தியர்களிடம் மொத்தத்தில் 7.5 புள்ளியும், ஒவ்வொரு பகுதியிலும் 7 க்குக் குறையாத புள்ளியும் கேட்கிறது. இவர்கள் எடுக்க வேண்டியது கல்விசார் வகைப் பரீட்சை. கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில் குடியேற விண்ணப்பிப்பவர் எடுக்க வேண்டியதோ பொதுப் பயிற்சி வகை. வகை மாறிப் பதிவு செய்தால், நல்ல புள்ளி எடுத்தாலும் அந்த விண்ணப்பத்துக்கு அது உதவாது.

மொத்தப் புள்ளி மட்டும் போதாது என்பதையும் கவனிக்க வேண்டும். ஒரு தாதி செவிமடுத்தலில் 8, வாசிப்பில் 7.5, பேச்சில் 7, எழுத்தில் 6 எடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். சராசரி 7.125, அது மொத்தப் புள்ளி 7 என்று பதியப்படும். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் எழுத்தில் அரைப் புள்ளி குறைந்துவிட்டதால் தாதியர் சபைக்கு அந்த ஒரு பெறுபேறு போதாது.

மணித்தியாலக் கணக்கு

இனி வகுப்புக்கு வருவோம். ஐரோப்பிய மொழித்தர அட்டவணையில் பி2 என்பது இடைநிலையின் மேற்படி. சி1 என்பது உயர்நிலையின் தொடக்கம். ஐ.ஈ.எல்.ரீ.எஸ். புள்ளியில் 5.5 முதல் 6.5 வரை பி2 ஆகவும் 7 முதல் 8 வரை சி1 ஆகவும் கணிக்கப்படுகிறது. ஒரு தரத்திலிருந்து அடுத்த தரத்துக்கு ஏற, வழிகாட்டலுடன் கூடிய கற்றல் ஏறத்தாழ 200 மணித்தியாலம் தேவை என்பது கேம்பிரிட்ஜ் பரீட்சைப் பிரிவு தரும் பொதுவான மதிப்பீடு. ஏற்கெனவே 6.5 இல் நிற்பவருக்கு இது குறையலாம். 5.5 இல் நிற்பவருக்குக் குறையாது.

வாரம் 3 மணித்தியாலம், பன்னிரண்டு வாரம் என்றால் மொத்தம் 36 மணித்தியாலம். தேவையானதில் ஐந்தில் ஒரு பங்கைக்கூட அது எட்டவில்லை. வகுப்பை மட்டும் நம்பினால் 200 மணித்தியாலத்துக்கு 67 வாரம் போக வேண்டும். ஒரு வருடத்துக்கும் மேல். எட்டு வாரத்தில் 5.5 ஐ 7 ஆக்குவோம் என்று எவராவது சொன்னால், எட்டு மீற்றர் துணியில் முப்பது சட்டை தைக்கலாம் என்று தையற்காரர் சொல்வதற்கு அது சமன்.

தூர இடங்களிலிருந்து வருபவர்களின் கணக்கு இன்னும் மோசமானது. காத்தான்குடியிலிருந்து கொழும்புக்கு 300 கிலோமீற்றருக்கு மேல். வெள்ளி இரவு பஸ் ஏறி, சனி காலை தூக்கக் கலக்கத்தோடு வகுப்பில் இருந்து, மீண்டும் இரவு பஸ்ஸில் ஊர் திரும்பும் பிள்ளைகள் இருக்கிறார்கள். 3 மணித்தியாலப் பாடத்துக்கு பதினைந்து மணித்தியாலப் பயணம். அந்தப் பதினைந்து மணித்தியாலமும் மேசையில் செலவாகியிருந்தால் புள்ளி ஏறியிருக்கும்.

காசு எதற்குக் கொடுக்கிறோம்?

அப்படியானால் வகுப்பே வேண்டாமா? வேண்டும். ஆனால் எதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும். பரீட்சை எப்படி நடக்கும் என்ற தகவல் இப்போது இலவசமாகவே கிடைக்கிறது. செவிமடுத்தலில் 40 வினா, ஒலிப்பதிவு ஒரு தடவைதான் ஒலிக்கும். வாசிப்பில் 60 நிமிடத்தில் 40 வினா. எழுத்தில் 60 நிமிடத்தில் இரண்டு ஆக்கம். பேச்சு 11 முதல் 14 நிமிடம். இரண்டு சொல்லுக்கு மேல் எழுத வேண்டாம் என்று கேட்ட இடத்தில் மூன்று சொல் எழுதினால் விடை பிழை. இவற்றை அறிய ஒரு மாலை போதும். பன்னிரண்டு வாரம் தேவையில்லை.

தனியே இருந்து பெற முடியாத பொருள் ஒன்றே ஒன்றுதான். அது திருத்தம். வாசிப்பையும் செவிமடுத்தலையும் விடைப் பட்டியலை வைத்து நாமே சரிபார்க்கலாம். எழுதிய கட்டுரையில் எது பிழை, பேசிய பேச்சில் எது தடுமாற்றம் என்பதைத் தெரிந்த ஒருவர்தான் சொல்ல வேண்டும். தமிழில் பேசி வளர்ந்தவர்கள் ஆங்கிலத்தின் 'எ', 'த' என்ற சிறு சொற்களை விட்டுவிடுவதும், 'ஹீ', 'ஷீ' வரும்போது வினைச்சொல்லின் இறுதியில் வரவேண்டிய 'எஸ்' எழுத்தை மறப்பதும் வழமை. எழுதியவரின் கண்ணுக்கு அந்தப் பிழை தெரியாது. நூறு கட்டுரை எழுதினாலும் திருத்துவார் இல்லையென்றால் அதே பிழை நூறு தடவை பழகிப் போகும்.

இங்குதான் மலிவான வகுப்பின் உள்விலை தெரிய வருகிறது. 40 பேர் கொண்ட வகுப்பில் ஒவ்வொருவரின் கட்டுரையையும் ஒழுங்காகத் திருத்த 15 நிமிடம் வேண்டும் என்று எடுங்கள். மொத்தம் 10 மணித்தியாலம். 3 மணித்தியாலத்துக்குச் சம்பளம் வாங்கும் ஆசிரியர் மேலும் 10 மணித்தியாலம் இலவசமாக வேலை செய்வாரா? செய்ய மாட்டார், அவரைக் குறை சொல்லவும் முடியாது. பேச்சுப் பயிற்சியும் அப்படித்தான். 3 மணித்தியாலம் முழுவதையும் பேச்சுக்கே ஒதுக்கினாலும் ஒருவருக்குக் கிடைப்பது நாலரை நிமிடம். ஆகவே கட்டணம் குறைந்த பெரிய வகுப்பில் ஆசிரியர் பேசுகிறார், பிள்ளைகள் குறிப்பெடுக்கிறார்கள். விற்கப்படுவது தகவல், வேண்டியதோ திருத்தம். பத்துப் பேர் உள்ள வகுப்புக்கு இரண்டு மடங்கு கொடுப்பது, இந்தக் கணக்கில், மலிவு.

மனனம் செய்த கட்டுரை

திருத்த நேரமில்லாத வகுப்பு அதற்குப் பதிலாக மாதிரி விடைகளைக் கொடுக்கிறது. சுற்றாடல் பற்றி ஒன்று, தொழில்நுட்பம் பற்றி ஒன்று, கல்வி பற்றி ஒன்று. பாடமாக்கிக் கொண்டு போய் எழுதலாம் என்று பிள்ளைகள் நம்புகிறார்கள். எமது பாடசாலைப் பரீட்சைகளுக்கு மனனம் ஓரளவு கை கொடுத்திருக்கலாம். இங்கு அது பாதகமாகவே முடியும். எழுத்துப் பகுதி நான்கு அளவுகோல்களில், சம பங்காகப் புள்ளியிடப்படுகிறது: கேட்டதற்கு விடை சொல்லியிருக்கிறதா, கருத்துகள் தொடர்பாகச் செல்கின்றனவா, சொல்வளம், இலக்கணத்தின் வீச்சும் சரித்தன்மையும். மனனம் செய்த விடை முதல் அளவுகோலிலேயே அடிபடும். மனன விடைகளை இனங்காணப் பரீட்சகர்கள் பயிற்றப்பட்டிருக்கிறார்கள். அதிலும் இரண்டாவது ஆக்கத்துக்கு முதலாவதைப் போல இரண்டு மடங்கு நிறை. அங்கு சறுக்கினால் முதலாவதால் அதை ஈடுசெய்ய முடியாது.

பிள்ளைகளை மட்டும் இதற்குப் பொறுப்பாக்க முடியாது. ஆரம்ப வகுப்புகளிலிருந்தே ஆங்கிலம் படிக்கிறார்கள். ஆனால் க.பொ.த. உயர்தரத்தில் பொது ஆங்கிலத்தின் பெறுபேறு பல்கலைக்கழக அனுமதிக்கான இஸட் புள்ளியில் சேர்வதில்லை. சேராத பாடத்துக்கு எந்தப் பிள்ளை நேரம் கொடுக்கும்? இரண்டு மூன்று வருடம் கைவிட்ட மொழியைப் பின்னர் பன்னிரண்டு சனிக்கிழமைகளில் மீட்டெடுக்கப் பார்க்கிறோம்.

மற்ற ஆறு நாட்கள்

வாரத்தின் மற்ற ஆறு நாட்களிலும் தினமும் ஒரு மணித்தியாலம் ஒதுக்கினால் வகுப்போடு சேர்த்து வாரத்துக்கு 9 மணித்தியாலம் ஆகிறது. 67 வாரம் 22 வாரமாகக் குறைகிறது. ஏறத்தாழ ஐந்து மாதம். வீட்டில் தனியே செய்யும் வேலை வகுப்பு வேலைக்கு முழுச் சமனல்ல என்பது உண்மைதான். ஆனால் வாரம் ஒருமுறை அது திருத்தப்படுமானால் வீணாகாது. அந்த ஒரு மணித்தியாலத்துக்குப் பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. இரண்டு நாள் ஆங்கிலப் பத்திரிகையொன்றின் ஆசிரியத் தலையங்கத்தை வாசித்து அதன் வாதத்தை நாலு வரியில் எழுதலாம். ஒரு நாள் பி.பி.சி. வானொலி நிகழ்ச்சியொன்றைக் கேட்டுக் குறிப்பெடுக்கலாம். ஒரு நாள் கையடக்கத் தொலைபேசியில் தன் பேச்சைத் தானே ஒலிப்பதிவு செய்து கேட்கலாம். ஒரு நாள் கேம்பிரிட்ஜ் வெளியிட்ட கடந்தகால வினாத்தாள் ஒன்றை மணிக்கூடு வைத்துச் செய்யலாம். ஒரு நாள் 250 சொல்லில் ஒரு கட்டுரை எழுதி சனிக்கிழமை வகுப்புக்குக் கொண்டு போகலாம்.

'வீட்டில் அப்படி உட்கார்ந்து படிக்கும் ஒழுங்கு எம் பிள்ளைகளிடம் இல்லை, அதற்காகத்தானே வகுப்புக்கு அனுப்புகிறோம்' என்று பெற்றோர் சொல்வதுண்டு. அதில் நியாயம் இருக்கிறது. வாரா வாரம் போக வேண்டும் என்ற கட்டாயம் ஓர் ஒழுங்கைத் தரும். ஆனால் அந்தக் கட்டாயம் வருகைக்கு மட்டும் இருந்தால் போதாது. கட்டுரை இல்லாமல் வரும் மாணவனை ஏன் என்று கேட்கும் வகுப்புக்குத்தான் அந்த ஒழுங்கை உருவாக்கும் பலம் உண்டு.

ஆகவே காசு கட்டுவதற்கு முன் வகுப்பு நடத்துபவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். வகுப்பில் எத்தனை பேர்? என் பிள்ளையின் எத்தனை கட்டுரைகள் திருத்தித் தரப்படும்? சேரும் முன் முழு மாதிரிப் பரீட்சை வைத்து இப்போது எந்தப் புள்ளியில் நிற்கிறார் என்று சொல்வீர்களா? மூன்றாவது கேள்விக்கு விடை தெரியாமல் பரீட்சைத் திகதி பதிவு செய்யவே வேண்டாம். 5.5 இல் நிற்கும் பிள்ளைக்கு அடுத்த மாதத் திகதி எடுப்பது பரீட்சைக் கட்டணத்தைக் கடலில் போடுவதற்குச் சமன்.

ஊர்களில் கல்விக்கு உதவும் சங்கங்களும் தனவந்தர்களும் இதைச் சிந்திக்கலாம். ஐம்பது பேருக்கு அரைக் கட்டணம் கொடுத்துக் கொழும்புக்கு அனுப்புவதை விட, ஊரிலேயே பத்துப் பேருக்கு ஓர் அறையும், தகுதியான ஓர் ஆசிரியரும், அவர் திருத்தும் மணித்தியாலங்களுக்கு ஒழுங்கான கொடுப்பனவும் ஏற்பாடு செய்தால் அதே காசில் கூடுதலானோர் கரை சேர்வார்கள். ஆசிரியர் வகுப்பில் பேசும் நேரத்துக்குச் சம்பளம் கொடுக்கப் பழகியிருக்கிறோம். திருத்தும் நேரத்துக்கும் கொடுக்கப் பழக வேண்டும். பிள்ளையின் புள்ளி ஏறுவது அந்த நேரத்தில்தான்.