யாரும் பார்க்காத பவளக் காடுகள்: ஆழ்கடல் ரோபோக்கள் தரும் சாட்சியம்



2024 ஜனவரியில் அமெரிக்காவிலிருந்து ஒரு செய்தி வந்தது. போர்ச் செய்திகளுக்கும் தேர்தல் செய்திகளுக்கும் நடுவே பலர் கண்ணில் அது படாமல் போயிருக்கலாம். அந்நாட்டின் தென்கிழக்குக் கரைக்கு அப்பால், 'பிளேக் பீடபூமி' எனப்படும் கடலடிப் பரப்பில், இதுவரை அறியப்பட்டவற்றுள் உலகிலேயே மிகப் பெரிய ஆழ்கடல் பவளத்திட்டு முழுமையாக வரைபடமாக்கப்பட்டுள்ளது என்பதே அச்செய்தி. மயாமிக்கு அருகில் தொடங்கி சார்ல்ஸ்டன் நகரை நெருங்கும் வரை ஏறத்தாழ 500 கி.மீ. நீளம், அகலமான இடத்தில் 110 கி.மீ. மொத்தப் பரப்பு சுமார் 26,000 சதுர கி.மீ. நம் தமிழ்நாட்டில் ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் ஆய்வாளர்கள் எண்ணிய பவளக் குன்றுகளின் முகடுகள் 83,908.

இவ்வளவு பெரிய ஒன்று இத்தனை காலம் எப்படித் தெரியாமல் இருந்தது? அது கப்பல்கள் போகாத கடல் அல்ல. உலகின் செல்வம் மிகுந்த நாட்டின் வாசலிலேயே இருக்கிறது. அங்கே ஆங்காங்கே பவளம் உண்டு என்று முன்பே தெரியும். ஆனால் பெரும்பகுதி வெறும் மணலும் சேறும்தான் என்று எண்ணிவிட்டார்கள். போய்ப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

பவளப்பாறை என்றால் மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிய ஆழமற்ற, வெயில் படும் நீர்தான் நம் நினைவுக்கு வரும். பிளேக் பீடபூமியின் பவளம் வேறு வகை. 200 முதல் 1,000 மீட்டர் ஆழம். நீரின் வெப்பம் சராசரியாக 4 டிகிரி. வெயில் என்பதே கிடையாது. ஆகவே சூரிய ஒளியில் உணவு தயாரித்துக் கொடுக்கும் நுண்பாசிகள் இந்தப் பவளத்துக்குத் துணையில்லை. வளைகுடா நீரோட்டம் அள்ளிவரும் நுண்ணுயிர்களையும், மேல் கடலிலிருந்து தூசிபோல் விழும் எச்சங்களையும் பிடித்துத்தான் வாழ்கிறது. செத்த பவளத்தின் எலும்புக்கூட்டின் மேல் புதிய பவளம் வளர, அதன் மேல் இன்னொன்று வளர, ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் ஒரு குன்று எழுகிறது. ஹவாய்க் கடலில் எடுத்த ஆழ்கடல் கரும்பவளம் ஒன்றின் வயதைக் கணித்தபோது 4,200 ஆண்டுகளுக்கும் மேல் என்று வந்தது. நம் தந்தை ஆபிரகாம் ஊர் நகரை விட்டுப் புறப்படும் முன்பே முளைத்தது அது என்று சொல்லலாம்!

சரி, அந்த இருட்டில் யார் போய்ப் பார்த்தது? மூச்சுக்கருவியோடு முக்குளிப்பவர்கள் சாதாரணமாக 40 மீட்டருக்குக் கீழே போவதில்லை. முதலில் கப்பலின் அடியிலுள்ள சோனார் கருவி விசிறிபோல் ஒலி அலைகளை அனுப்புகிறது. எதிரொலி திரும்பி வரும் நேரத்தைக் கொண்டு மேடு பள்ளம் தெரிகிறது; எதிரொலியின் வலிமையைக் கொண்டு கடினமான தரையா, சேறா என்று ஓரளவு தெரிகிறது. ஆனால் குன்றின் மேல் இருப்பது உயிருள்ள பவளமா, செத்த துண்டுகளா என்பதை ஒலி சொல்லாது. அதற்குக் கண் வேண்டும்.

அந்தக் கண்ணாகச் செயல்படுபவைதான் நீர்மூழ்கி ரோபோக்கள். அமெரிக்க அரசின் கடல் மற்றும் வளிமண்டல நிர்வாகமான 'நோவா'வின் 'ஓகியானோஸ் எக்ஸ்ப்ளோரர்' கப்பலிலிருந்து இறங்கும் 'டீப் டிஸ்கவரர்' என்ற ரோபோவுக்கு எடை 4 டன்னுக்கு மேல். 6,000 மீட்டர் ஆழம் வரை போகும். அதில் ஆள் யாரும் இல்லை. கப்பலில் அமர்ந்திருப்பவர்கள் கம்பிவடம் வழியாக அதை இயக்குகிறார்கள். அலையில் கப்பல் ஏறி இறங்கினால் வடத்தின் மறுமுனையிலுள்ள ரோபோவும் துள்ளும் அல்லவா? பவளத்தின் மேல் மோதினால் என்ன ஆகும்? அதற்காகவே 'சிரியோஸ்' என்ற இன்னொரு கருவி நடுவில் தொங்குகிறது. கப்பலின் ஆட்டத்தை அது வாங்கிக்கொள்கிறது. ரோபோ அதற்குக் கீழே தளர்வான வடத்தில் அமைதியாக நகர்கிறது. முகப்பிலிருந்து சரியாக 10 செ.மீ. இடைவெளியில் இரண்டு லேசர் புள்ளிகள் விழும். அந்தப் புள்ளிகளை அளவுகோலாகக் கொண்டு, எந்த உயிரையும் மேலே இழுத்து வராமலே அதன் அளவைக் குறித்துக்கொள்கிறார்கள். படம் அதே நேரத்தில் கரைக்கு வந்து சேர்வதால், வீட்டிலிருக்கும் அறிஞர்களும் பள்ளிப் பிள்ளைகளும்கூடப் பார்க்க முடிகிறது.

பிளேக் பீடபூமி ஆய்வுக்குப் பயன்பட்டவை 31 சோனார் அளவீடுகளும், ரோபோவும் ஆளேறும் நீர்மூழ்கியும் இறங்கிய 23 முக்குளிப்புகளும். ஒரு முக்குளிப்பில் விளக்கு வெளிச்சம் படுவது ஒரு சிறு பாதை மட்டுமே. 26,000 சதுர கி.மீ. என்ற கணக்கில் பெரும்பகுதி காதால் கேட்டது. கண்ணால் கண்டது கொஞ்சம்தான்.

இந்தக் கண் ஏன் முக்கியம் என்பதற்கு வருவோம். ஃபுளோரிடாவின் கிழக்குக் கரைக்கு அப்பால், இதைவிட ஆழம் குறைந்த நீரில், 'ஒக்குலினா' என்ற பவளத்தின் திட்டுகள் உள்ளன. 1970களில் நீர்மூழ்கிகள் எடுத்த படங்களில் அவை புதர்போல் அடர்ந்து நிற்கின்றன. அந்தச் சான்றின் பேரில் 1984இல் அதன் ஒரு பகுதி பாதுகாக்கப்பட்டது. ஆனால் இறாலுக்காக அடிமட்டத்தில் இழுத்த மடிகள் பெரும்பகுதியை ஏற்கெனவே உடைத்துவிட்டிருந்தன. சில இடங்களில் தடைக்குப் பிறகும் உடைத்தன. பின்னாளில் அதே இடங்களுக்குப் போன கேமராக்கள் கண்டது சிதறிய துண்டுகளை. ஸ்காட்லாந்துக்கு வடமேற்கே 'டார்வின் மேடுகள்' 1998இல்தான் கண்டுபிடிக்கப்பட்டன. சிறிது காலத்திலேயே எடுக்கப்பட்ட படங்களில் இழுவை மடியின் தடங்கள் தெரிந்தன. படம் இருந்ததால்தான் 2003இல் ஐரோப்பிய ஒன்றியம் அங்கே அடிமட்ட இழுவைக்கு அவசரத் தடை விதித்தது. நார்வேயிலோ, பவளத்திட்டுகளில் 30 முதல் 50 விழுக்காடு சேதமடைந்துவிட்டது அல்லது பாதிக்கப்பட்டது என்று அந்நாட்டு ஆய்வாளர்களே மதிப்பிட்டார்கள்.

நம் கரையிலும் இதே கதைதான். மன்னார் வளைகுடாவில் 2003 முதல் 2005 வரை நீருக்கடியில் முறையாக அளந்தபோது, 110 சதுர கி.மீ. பவளத்திட்டில் 32 சதுர கி.மீ. ஏற்கெனவே சிதைந்து போயிருந்தது. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளத்தை வெட்டியது அதற்கு முக்கியக் காரணம்.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' திருமடலில் பவளப்பாறைகளைத் தனியே குறிப்பிட்டு, இந்த அழிவுக்குப் பொறுப்பு யார் என்று பிலிப்பீன்ஸ் ஆயர்கள் 1988இல் எழுப்பிய கேள்வியை நினைவூட்டியிருந்தார். ஆழமற்ற கடலை மனத்தில் வைத்து எழுந்த கேள்வி அது. ரோபோக்கள் அதை 1,000 மீட்டர் ஆழத்துக்கு இறக்கியுள்ளன.

ஆனால் ரோபோவைப் புண்ணியவானாக்கி விடவும் வேண்டாம். அது இரு தலைவர்களுக்கு ஊழியம் செய்கிறது. பவளத்தைத் தேடும் அதே சோனாரும் அதே கேமராவும் கனிமத்தையும் தேடும். பிளேக் பீடபூமியிலேயே 1970இல் ஒரு நிறுவனம் மாங்கனீசு உருண்டைகளை அள்ளிச் சோதனை செய்தது. 2018 ஜனவரியில் அமெரிக்க அரசு அட்லாண்டிக் கரையோரத்திலும் எண்ணெய் தேட வழிவிடும் வரைவுத் திட்டத்தை வெளியிட்டது; அதே ஆண்டு ஆகஸ்டில்தான் சார்ல்ஸ்டனுக்கு அப்பால் 135 கி.மீ. நீளப் பவளத் தொடர் ஒன்றை ஆய்வுக்குழு கண்டது. 2025 ஏப்ரல் 24 அன்று அதிபர் டிரம்ப் கடலடிச் சுரங்கத்தை விரைவுபடுத்தும் ஆணையில் கையெழுத்திட்டார். கடலடியின் முக்கியப் பகுதிகளை வரைபடமாக்குவதும் அவ்வாணையில் அடங்கும். இந்தக் கடற்பகுதியில் 2010 முதல் அடிமட்ட இழுவை மடிக்குத் தடை உண்டு. அது மீன்பிடி விதி. சுரங்கத்தையும் எண்ணெய்க் கிணற்றையும் அது தடுக்காது.

இன்னொன்றும் உறுத்துகிறது. 2025 மே மாதம் வெளியான ஓர் ஆய்வு, மனிதர் இதுவரை கண்ணால் கண்ட ஆழ்கடல் தரை மொத்தத்தில் 0.001 விழுக்காட்டுக்கும் குறைவு என்று கணக்கிட்டது. பதிவான முக்குளிப்புகளில் 97 விழுக்காட்டை நடத்தியவை ஐந்தே நாடுகள்: அமெரிக்கா, ஜப்பான், நியூசிலாந்து, பிரான்ஸ், ஜெர்மனி. மற்ற நாடுகளின் கடலடியில் என்ன இருக்கிறது என்பதைப் பெரும்பாலும் யாரும் பார்க்கவில்லை, அல்லது அந்நியர் பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தியாவுக்கு அந்தத் திறமை இல்லாமலில்லை. சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் 'ரோசப் 6000' ரோபோ 2010இல் மத்திய இந்தியப் பெருங்கடலில் 5,289 மீட்டர் ஆழத்தைத் தொட்டது. அது போனது பவளம் தேடி அல்ல, கனிம உருண்டைகள் இருக்கும் பகுதிக்கு.

கன்னியாகுமரிக் கரையின் மூத்த மீனவர்கள் ஆலயக் கோபுரத்தையும் மலைமுகட்டையும் நேர்கோட்டில் வைத்து, கடலடியில் மீன் அடையும் 'பார்' எங்கே இருக்கிறது என்று துல்லியமாகச் சொல்வார்கள். அதற்கும் தெற்கே, ஆழ்கடலில், எண்ணெயும் எரிவாயுவும் தேடுவதற்கான பகுதிகள் 2024இல் ஏலத்துக்கு அறிவிக்கப்பட்டபோது அம்மக்கள் எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். அடுத்த முறை கருத்துக் கேட்புக் கூட்டம் என்று யாராவது நம் ஊருக்கு வந்தால், வாழ்வாதாரக் கேள்விகளோடு இதையும் சேர்த்துக் கேட்கலாம்: துளையிடப் போகும் இடத்தின் அடித்தரையைக் கேமரா பார்த்ததா? பார்த்திருந்தால் அந்தப் படத்தை எங்களுக்கும் போட்டுக் காட்டுங்கள்.