கம்பிக் கணக்கு



இந்த மாதம் சுட்ட உணவுச் சிறப்பிதழ். சைவ அன்பர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். குழிப்பணியாரத்தைக் குத்தித் திருப்பும் கம்பியும் கறி கோக்கும் கம்பியின் குடும்பம்தான்.

கம்பியில் கோத்துச் சுட்ட இறைச்சியை நம் ஆட்கள் எப்படித் தின்றார்கள் என்பதற்குப் பொருநராற்றுப்படை என்ற சங்கப் பாட்டைவிடச் சுவையான சாட்சி கிடையாது. கரிகாலன் விருந்தில் பொருநன் ஒருவனுக்குக் காழில், அதாவது இரும்புக் கம்பியில், சுட்ட கொழுத்த துண்டுகள் வருகின்றன. ஆறட்டும் என்று காத்திருக்க மனமில்லை. சூடு தாங்காமல் வாயின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக மாற்றி மாற்றித் தின்கிறான். இரவும் பகலும் தின்று தின்று, நிலத்தை உழுத கொழுவைப்போல் பல் மழுங்கிவிட்டதாம். இதைப் பாடிய முடத்தாமக்கண்ணியார் பசியை அறிந்தவர், ஏப்பத்தையும் அறிந்தவர்.

கம்பியில் சுடுவது நம் பழக்கம் மட்டுமல்ல. கிரேக்கத்தின் சாந்தோரினித் தீவில், எரிமலைச் சாம்பலில் புதைந்த அக்ரோதிரி என்ற ஊரைத் தோண்டியபோது, கம்பிகளைத் தாங்கும் தாங்கிகள் கிடைத்தன. மேலே கம்பி உருளாமலிருக்க வரிசையாகப் பள்ளங்கள். கீழே தணலுக்குக் காற்றுப் போக ஓட்டைகள். வயது 3,500 ஆண்டுகளுக்கும் மேல். பிற்காலத்தில் கிரேக்கர்கள் நாணயம் அச்சிடுவதற்கு முன்பு இரும்புக் கம்பிகளையே பணமாகவும் புழங்கினார்கள். ஓபோல் என்ற சிறுகாசின் பெயர் கம்பியிலிருந்து வந்தது. கைக்குள் அடங்கும் ஆறு கம்பி ஒரு திராக்மா. யூரோ வரும்வரை அந்நாட்டுப் பணத்துக்கு அந்தப் பெயர்தான். ஆர்கோஸ் அருகே ஹீரா கோயிலில் காணிக்கையாகக் கிடந்த ஒரு கட்டுக் கம்பியை இன்றும் ஏதென்ஸில் பார்க்கலாம்.

கம்பியை எண்ணிக் காசு பேசுவது சிங்கப்பூரிலும் நடந்தது. 1995 வரை எஸ்பிளனேடு கடலோரத்தில் இருந்த, குச்சியில் கோத்துச் சுட்ட கறியான சாத்தே விற்ற சாத்தே கிளப்பைப் பெரியவர்கள் இன்னும் பெருமூச்சோடு சொல்வார்கள். அந்தக் காலத்துச் சாத்தேக்காரர் எத்தனை வேண்டும் என்று கேட்கமாட்டார். தட்டு நிறையக் கொண்டுவந்து வைப்பார். வேண்டியதைத் தின்றுவிட்டு எழுந்தால் வெறுங்குச்சிகளை எண்ணி விலை சொல்வார். சில குச்சிகள் மேசைக்கடியில் மறைந்திருக்காதா என்பது என் சந்தேகம். முன்பு தென்னை ஈர்க்கில்தான் கோத்தார்கள்; இப்போது மூங்கில்.

வீட்டில் செய்து பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மூங்கில் குச்சியை முதலில் தண்ணீரில் ஊறப்போடுங்கள், இல்லையென்றால் கறிக்கு முன் குச்சி கருகும். கொத்துக்கறிக்கு உருண்டைக் கம்பி உதவாது. கம்பி மட்டும் சுற்றும், கறி திரும்பாமல் அடிப்பக்கம் தீயும். ஈரானியர்கள் கூபிதே கபாபுக்குப் பட்டையான அகலக் கம்பி வைத்திருப்பது அதனால்தான்.

உங்கள் வீட்டில் எதைக் கோத்துச் சுடுகிறீர்கள், எந்தக் கம்பியில்? எழுதுங்கள். நல்ல கடிதங்கள் அடுத்த இதழில் வரும்.

அன்புடன்,
ஆசிரியர்