தெருமுனைக்கு யார் பொறுப்பு?

காலை எட்டேகால். பிள்ளையின் வாயில் இட்லி, காலில் பாதி மாட்டிய ஷூ. "சீக்கிரம், பெல் அடிச்சிடும்" என்று நாம் போடும் சத்தத்தில் விழுங்கியதும் இறங்குவதில்லை. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, நடுவில் புத்தகப்பை என்று ஸ்கூட்டர் பறக்கிறது.

எங்கே இறக்கிவிடுகிறோம்? பள்ளி வாசலை ஒட்டிய தெருமுனையில். ஆட்டோ, வேன், கார் எல்லாம் அங்கேதான். வேனுக்குப் பின்னாலிருந்து வரும் ஏழு வயதுக் குழந்தை, திரும்பும் வண்டிக்காரர் கண்ணில் படாது. அதற்கும் வண்டி தெரியாது. சந்திப்பு அருகிலும் பள்ளி வாசலிலும் வண்டி நிறுத்தக் கூடாது என்று 1989-இலேயே சாலை விதிகள் சொல்லிவிட்டன. நம் பிள்ளை நாலு எட்டு நடக்கக் கூடாதென்று அடுத்த வீட்டுப் பிள்ளையை ஆபத்தில் விடுகிறோமே, இது என்ன பாசம்?

சாயங்காலம் டியூஷனுக்கு சைக்கிளில் போகிறேன் என்கிறான் மகன். "வேண்டாம், அந்த முனையில லாரி திரும்பும்" என்கிறோம். கெஞ்சினால் "பார்த்துப் போ" என்று அனுப்புகிறோம். வரும் வண்டியின் வேகத்தையும் தூரத்தையும் கணிக்கும் திறன் சிறு பிள்ளைகளுக்கு முழுதாக வந்திருக்காது. பெரியவர்களே தடுமாறும் இடத்தில், கவனத்தையெல்லாம் பிள்ளை தலையில் கட்டுவது நியாயமா?

முனையைத் திருத்தப் பெரிய செலவு வேண்டாம். வளைவு அகலமாக இருந்தால் வண்டி வேகம் குறையாமல் திரும்பும். பெயின்ட் கோடு, பிளாஸ்டிக் கம்பம், பூந்தொட்டி கொண்டு அதைக் குறுக்கினால் ஓட்டுபவர் பிரேக்கைத் தொட்டே ஆகவேண்டும். பிள்ளை கடக்கும் தூரம் குறையும்; முனையில் வண்டி நிறுத்தவும் இடமிருக்காது. சரிவரவில்லையா, எடுத்துவிடலாம். சென்னை பாண்டி பஜாரையே தற்காலிகத் தடுப்புகள் வைத்து ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் 2019-இல் நடைபாதை வளாகமாகத் திறந்தார்கள். அமெரிக்காவின் ஹோபோகன் நகரம் முனைகளில் வண்டி நிற்காதபடி கம்பங்கள் நட்டு, பார்வையை மறைப்பதை நீக்கியது. வேகக் கட்டுப்பாடு போன்றவையும் சேர, அங்கே 2017 முதல் தொடர்ந்து 7 ஆண்டுகள் சாலை விபத்தில் ஒருவர்கூட இறக்கவில்லை.

பெற்றோர் கூட்டத்தில் கணக்கில் அரை மார்க் ஏன் போனது என்று வரிசையில் நின்று கேட்கிறோம். வாசலுக்கு வெளியே இருக்கும் முனையைப் பற்றி யாராவது கேட்டோமா?

அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான்; அங்கே இதைப் பேசலாம். தனியார் பள்ளியிலும் நாம் சேர்ந்து கேட்டால் மறுக்க மாட்டார்கள். கவுன்சிலருக்கும் போக்குவரத்துக் காவல் துறைக்கும் எல்லோரும் கையெழுத்திட்டு ஒரு மனு கொடுப்போம். பதில் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். நாளைக் காலை பத்து நிமிடம் முன்னால் கிளம்பி, முனைக்கு நன்றாகத் தள்ளி வண்டியை நிறுத்தி, பிள்ளையின் கையைப் பிடித்து நடந்து போய்ப் பள்ளியில் விடுவோம்.