நிழலும் உரிமையே!

ஆண்டுதோறும் மார்ச் மாதம் பிறந்ததும் தலைநகர் தில்லியில் ஒரு சடங்கு தவறாமல் நடந்தேறுகிறது. கோடைக்காலம் எப்படி இருக்கும் என்கிற முன்கணிப்பை இந்திய வானிலை ஆய்வுத் துறை வெளியிடுகிறது. அதைத் தொடர்ந்து மத்திய சுகாதார அமைச்சகம் மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்புகிறது. நண்பகல் 12 மணி முதல் பிற்பகல் 3 மணி வரை வெயிலில் செல்வதைத் தவிர்க்க வேண்டும், தாகம் எடுக்காவிட்டாலும் தண்ணீர் பருக வேண்டும், மெல்லிய பருத்தி ஆடைகளை அணிய வேண்டும் என்கிற அறிவுரைகள் நாளிதழ்களிலும் தொலைக்காட்சிகளிலும் இடம்பெறுகின்றன. இந்த அறிவுரைகளில் எந்தத் தவறும் இல்லை. ஆனால், இவை யாருக்காகச் சொல்லப்படுகின்றன என்பதுதான் கேள்வி.

வீட்டில் மின்விசிறியும் அலுவலகத்தில் குளிர்சாதனமும் உள்ளவர்களுக்கு இந்த அறிவுரை தேவையே இல்லை. தேவைப்படுபவர்களால் அதைப் பின்பற்ற முடியாது. கட்டடத் தொழிலாளி, செங்கல் சூளையில் வேலை செய்பவர், தள்ளுவண்டி வியாபாரி, ரிக்‌ஷா இழுப்பவர், இரு சக்கர வாகனத்தில் வீடு வீடாக உணவு கொண்டு சேர்க்கும் இளைஞர் ஆகியோருக்கு நண்பகல் என்பது கூலிக்கான நேரம். மூன்று மணி நேரம் ஒதுங்கி நின்றால் அன்றைய வருமானத்தில் ஒரு பகுதி போய்விடும். உயிரா, கூலியா என்று தேர்ந்தெடுக்கும் நிலையில் ஒருவரை நிறுத்திவிட்டு, 'எச்சரிக்கையாக இருங்கள்' என்று அரசு கூறுவது பொறுப்பைத் தட்டிக்கழிப்பதாகும்.

வெள்ளமும் புயலும் வந்தால் இடிந்த வீடுகளும் சாய்ந்த மரங்களும் சாட்சியாக நிற்கின்றன. அமைச்சர்கள் ஹெலிகாப்டரில் பார்வையிடுகிறார்கள். மத்தியக் குழு வருகிறது. வெப்பம் அப்படி எந்தத் தடயத்தையும் விட்டுச் செல்வதில்லை. இதய நோயாளியின் இதயத்தை அது நிறுத்துகிறது. நீரிழப்பால் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்கிறது. இறப்புச் சான்றிதழில் மாரடைப்பு என்று எழுதப்படுகிறதே தவிர, வெப்பம் என்று எழுதப்படுவது அரிது. தகரக் கூரையின் கீழ் படுத்திருந்த முதியவரின் மரணம் எந்தக் கணக்கிலும் சேர்வதில்லை.

கணக்கிலும் ஒற்றுமை இல்லை. ஆந்திரமும் தெலங்கானாவும் பெரிதும் பாதிக்கப்பட்ட 2015-ஆம் ஆண்டில் வெப்பத்தால் இறந்தவர்கள் 1,908 பேர் என்றது தேசிய குற்ற ஆவணக் காப்பகம். தேசிய பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் கணக்கோ 2,040. இரண்டும் மத்திய உள்துறை அமைச்சகத்தின் கீழ் இயங்கும் அமைப்புகள். 2024 கோடையில் 40,000-க்கும் அதிகமானோர் வெப்பவாதத்துக்கு ஆளானதாகச் சந்தேகிக்கப்பட்டு, 100-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தது உறுதிசெய்யப்பட்டதாக சுகாதாரத் துறை தெரிவித்தது. அதே ஆண்டு ஜூன் 1-ஆம் தேதி, மக்களவைத் தேர்தலின் இறுதிக்கட்ட வாக்குப்பதிவின்போது, உத்தர பிரதேசத்தில் மட்டும் தேர்தல் பணியில் இருந்த 33 பேர் வெப்பத்தால் உயிரிழந்ததாக அந்த மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரி அறிவித்தார். ஜனநாயகத்தின் திருவிழா என்று வர்ணிக்கப்படும் தேர்தலை நடத்தச் சென்றவர்கள் வீடு திரும்பவில்லை. அந்த மரணங்கள் இரண்டு நாள் செய்தியாகி மறைந்தன.

இந்த மரணங்கள் தவிர்க்க முடியாதவையா என்றால், இல்லை என்பதற்கு ஆமதாபாத் நகரமே சாட்சி. 2010 மே மாதத்தில் அங்கு வெப்பநிலை 46.8 டிகிரி செல்சியஸைத் தொட்டது. வழக்கமாக அந்த மாதத்தில் ஏற்படும் மரணங்களைவிட 1,344 மரணங்கள் அதிகமாக நிகழ்ந்தது பின்னர் ஆய்வில் தெரியவந்தது. அந்த அதிர்ச்சியிலிருந்து பாடம் கற்ற மாநகராட்சி, காந்திநகரில் உள்ள இந்திய பொது சுகாதார நிறுவனம் உள்ளிட்ட அமைப்புகளுடன் இணைந்து 2013-இல் வெப்பத் தடுப்புச் செயல்திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. தெற்காசியாவிலேயே ஒரு நகரம் உருவாக்கிய முதல் திட்டம் அது.

அதில் மாயவித்தை எதுவும் இல்லை. வெப்பத்தின் அளவுக்கேற்ப வண்ண எச்சரிக்கை, எச்சரிக்கை வந்ததும் யார் என்ன செய்ய வேண்டும் என்கிற தெளிவு, மருத்துவர்களுக்கும் அடித்தட்டு சுகாதாரப் பணியாளர்களுக்கும் பயிற்சி, தண்ணீர் வசதி, குடிசைப் பகுதிகளின் கூரைகளுக்கு வெள்ளைப் பூச்சு ஆகியவைதான் அதன் அம்சங்கள். 2014, 2015 ஆகிய ஆண்டுகளில் ஆண்டுக்குச் சராசரியாக 1,190 மரணங்களை இந்தத் திட்டம் தவிர்த்திருக்கக்கூடும் என்று 2018-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. 1998-இல் 2,042 பேரை வெப்பத்துக்குப் பலிகொடுத்த ஒடிஸாவும், அதன் பிறகு முன்னெச்சரிக்கையை முறைப்படுத்தி, அப்படியொரு துயரம் மீண்டும் நிகழாமல் பார்த்துக்கொண்டது.

ஆமதாபாதைப் பின்பற்றி நாடு முழுவதும் திட்டங்கள் எழுதப்பட்டன. தேசிய பேரிடர் மேலாண்மை ஆணையமும் 2016-இல் வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. ஆனால், எழுதப்பட்டதெல்லாம் செயலாகிவிடவில்லை. தில்லியிலுள்ள கொள்கை ஆராய்ச்சி மையம் 2023-இல் 37 செயல்திட்டங்களை ஆராய்ந்தபோது, அவற்றில் 11 மட்டுமே பணம் எங்கிருந்து வரும் என்பதைப் பற்றிப் பேசின. யார் அதிகம் பாதிக்கப்படுவார்கள் என்பதை முறையாகக் கணக்கிட்டவை இரண்டே இரண்டு. நிதி ஒதுக்கப்படாத திட்டம் காகிதத்தில் எழுதப்பட்ட நல்லெண்ணம் மட்டுமே.

நிதிச் சிக்கலின் வேர் தில்லியில் இருக்கிறது. 2005-ஆம் ஆண்டு பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்படி உருவான நிவாரண நிதியிலிருந்து உதவி பெறத் தகுதியான இடர்களின் பட்டியலை மத்திய அரசு வைத்திருக்கிறது. 15-ஆவது நிதிக்குழுவின் காலமான 2021-26-இல் அந்தப் பட்டியலில் புயல், வறட்சி, நிலநடுக்கம், வெள்ளம், சுனாமி உள்ளிட்ட 12 இடர்கள் இருந்தன. 2012-இல் சேர்க்கப்பட்ட குளிர் அலையும் அதில் உண்டு. வெப்ப அலை இல்லை. இது குறித்து நாடாளுமன்றத்தில் உறுப்பினர்கள் எழுப்பிய கேள்விகளுக்கெல்லாம், பட்டியலை விரிவாக்கத் தேவையில்லை என்று நிதிக்குழு கருதுகிறது என்பதும், மாநிலங்கள் தங்களது பேரிடர் நிதியில் 10% வரை உள்ளூர் இடர்களுக்குச் செலவிடலாம் என்பதுமே அரசின் பதிலாக இருந்தது. அந்த வழியைப் பயன்படுத்தித்தான் 2024 அக்டோபரில் தமிழகம் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, உயிரிழப்போரின் குடும்பத்துக்கு ரூ.4 லட்சம் நிவாரணம் வழங்க முன்வந்தது.

மத்திய அரசின் தயக்கத்தில் ஓரளவு நியாயம் இல்லாமல் இல்லை. எந்த மரணம் வெப்பத்தால் நிகழ்ந்தது என்பதை நிறுவுவது கடினம். ஒவ்வொரு மரணத்துக்கும் இழப்பீடு என்றால் நிதிச்சுமை கூடும். ஆனால், பேரிடர் என்கிற அங்கீகாரத்தை இழப்பீட்டுத் தொகையாக மட்டுமே பார்ப்பது தவறு. மருத்துவமனையில் பனிக்கட்டி இயந்திரம் வாங்கவும், தொழிலாளர் கூடுமிடங்களில் நிழற்கூரை அமைக்கவும், கூரைகளுக்கு வெள்ளையடிக்கவும் உறுதியான நிதி வேண்டும். குளிரில் நடுங்கி இறப்பவர் பேரிடருக்குப் பலியானவர், வெயிலில் சுருண்டு விழுபவர் விதிக்குப் பலியானவர் என்கிற பாகுபாட்டை எந்த நியாயத்தாலும் ஏற்க முடியாது. 16-ஆவது நிதிக்குழுவின் ஐந்தாண்டு காலத்திலாவது அது முடிவுக்கு வந்தாக வேண்டும்.

வெப்ப அலைக்கான அளவுகோலும் மறுபரிசீலனைக்கு உரியது. சமவெளியில் 40 டிகிரி, கடலோரத்தில் 37 டிகிரி என்கிற வரம்பைத் தாண்டி, வழக்கத்தைவிட 4.5 டிகிரியாவது கூடினால் வெப்ப அலை என்கிறது வானிலைத் துறையின் இலக்கணம். காற்றில் ஈரப்பதம் மிகுந்த சென்னை, மும்பை போன்ற நகரங்களில் அதற்குக் குறைவான வெப்பத்திலேயே வியர்வை உலராது, உடல் குளிராது. பகலில் சூடேறிய கான்கிரீட் சுவர்கள் இரவிலும் அனலைக் கக்குவதால், உழைத்துக் களைத்த உடலுக்கு உறக்கத்திலும் ஓய்வு இல்லை. வெப்பமானியின் ஓர் எண்ணை மட்டும் வைத்து இந்த ஆபத்தை அளந்துவிட முடியாது.

உடனடியாகச் செய்யக்கூடியவை பல உள்ளன. கேரளத்தில் கோடைதோறும் திறந்தவெளித் தொழிலாளர்களுக்கு நண்பகல் 12 முதல் 3 மணி வரை ஓய்வு அளிக்கத் தொழிலாளர் துறை உத்தரவிடுகிறது. மற்ற மாநிலங்களும் இதைப் பின்பற்றுவதுடன், ஓய்வு நேரத்துக்குக் கூலி குறைக்கப்படாது என்பதையும் உறுதிசெய்ய வேண்டும். அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கு, 'சேவா' பெண்கள் சங்கம் 2023-இல் குஜராத்தில் தொடங்கிய வெப்பக் காப்பீடு ஒரு முன்மாதிரி. வெப்பம் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால், இழப்பை நிரூபிக்கத் தேவையின்றிப் பணம் வங்கிக் கணக்குக்கு வந்துவிடும்.

மருத்துவத்தில் நேரமே உயிர். உடல் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டி, பேச்சு குழறி, நினைவு தடுமாறினால் அது வெப்பவாதம். முதல் அரை மணி நேரத்துக்குள் உடலைக் குளிர்வித்தால் பிழைக்க வாய்ப்பு அதிகம். தில்லி ராம் மனோகர் லோஹியா மருத்துவமனை, பனிக்கட்டி நீர்த் தொட்டிகளுடன் தனிப் பிரிவை 2024-இல் தொடங்கியது. ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் தொட்டி இல்லாவிட்டாலும், பனிக்கட்டியும் குளிர்ந்த நீரும் பயிற்சி பெற்ற செவிலியரும் இருப்பது சாத்தியமே. ஆம்புலன்ஸ் வரும் வரை காத்திராமல் நிழலுக்குக் கொண்டுசென்று உடலில் நீரூற்றி விசிற வேண்டும் என்பதை ஒவ்வொரு மேஸ்திரியும் ஒப்பந்ததாரரும் அறிந்திருக்க வேண்டும்.

2025-இல் நிறைவேறிய பேரிடர் மேலாண்மைத் திருத்தச் சட்டம், மாநிலத் தலைநகரங்களுக்கும் மாநகராட்சிகளுக்கும் தனி நகர்ப்புறப் பேரிடர் ஆணையங்கள் அமைக்க வழிவகுத்திருக்கிறது. அவை வெள்ளத்துக்குத் தரும் முக்கியத்துவத்தை வெப்பத்துக்கும் தர வேண்டும். அந்த ஆணையங்களுக்கு அதிகாரிகள் மட்டும் போதாது; நிதியும் வேண்டும்.

கோடையில் தண்ணீர்ப் பந்தல் வைப்பது இந்த மண்ணின் பழைய அறம். தனிமனிதர் செய்யும்போது அது தர்மம். அரசு செய்யும்போது அது கடமை. மழை எப்போது வரும் என்பது அரசின் கையில் இல்லை. மழை வரும் வரை உழைப்பவரின் உயிரைக் காப்பது அதன் கையில்தான் இருக்கிறது.